செயலாளரின் கை

ஜூன் 3, செவ்வாய்

கொழும்பிலிருந்து வரைவு வந்துவிட்டது. பன்னிரண்டு பக்கம். அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரத்தில் தொடக்கக்காரருக்கென்று புதிய வகுப்பு ஒன்று வரப்போகிறதாம். அதற்கு மோர்ஸ் பரீட்சை தேவையில்லையாம். சங்கங்கள் தங்கள் கருத்தை இம்மாத முடிவுக்குள் எழுத்தில் அனுப்ப வேண்டும். எங்கள் சங்கத்தின் செயலாளர் நான். கடிதத்தை எழுதுவதும் நான்தான்.

இருக்கும் அங்கத்தவர் ஐந்து பேர். மோர்ஸ் வேண்டாம் என்று இருவர், வேண்டும் என்று இருவர். ஐந்தாவது வாக்கு என்னுடையது. அது எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. தந்தி அறையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவளிடம் கேட்பார்களா?

வரைவின் நான்காம் பக்கத்தில் மூன்று எழுத்துப்பிழை. சிவப்பு மையால் திருத்தி வைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

குருக்கள்மடத்தில் ஜெயரூபன் வீட்டில் கூட்டம். தலைவர் என்ற முறையில் அவர் நடுவில் இருந்தார், வழக்கம்போல யாரையும் நோகடிக்காமல்.

சதீசன்தான் அதிகம் பேசினான். பேரப்பிள்ளை கண்டவன், இன்னும் அவனுக்குக் குரலைத் தணிக்கத் தெரியாது. ஏழு வருடமாகப் புதிதாக ஒருவரும் சேரவில்லை, ஆர்வத்தோடு வருகிறவர்கள் மோர்ஸில் விழுந்து திரும்பிப் போகிறார்கள் என்றான். தரத்தைக் குறைத்து ஆள் சேர்ப்பதென்றால் சந்தையில் ஒலிபெருக்கி கட்டலாமே என்றேன்.

“அஞ்சு பேரும் செத்தாப் பிறகு சங்கத்த ஆருக்கு எழுதிக் குடுக்கிற அன்ரி? வாவியில இருக்கிற மீனுக்கா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. (வாசலைத் தாண்டிய பிறகு சிரித்தேன்.)

பார்வையாளராக ஸாலிஹா வந்திருந்தாள். காத்தான்குடிக்காரி. நாற்பது வயதைத் தாண்டியவள், கணவர் கட்டாரில். வீட்டு முன்னறையில் மின்விசிறியும் றேடியோவும் திருத்துகிறாள். எழுத்துப் பரீட்சையில் எண்பத்தெட்டுப் புள்ளி எடுத்து, மோர்ஸில் இரண்டு தரம் தவறியவள். தினமும் காதால் கேட்டுப் பழகினால் தானாக வரும், பழகாததுதான் காரணம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்.

“நான் நாளும் கேக்கிறன் மிஸ்,” என்றாள். “பதினொரு மாசமாக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். கேக்கிறது மட்டும் போதாது, நானும் கதைக்கணும்.”

நான் ஆசிரியை அல்ல, மிஸ் என்று கூப்பிட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். கேட்கமாட்டாள்.

ஜூன் 9, திங்கள்

கச்சான் காற்று, வீடெல்லாம் மண். கடிதத்தின் முதல் பந்தி முடிந்தது. நல்ல ஆங்கிலம், கொன்வென்டில் ஆங்கிலம் படிப்பித்த மதர் பார்த்திருந்தால் ஒரு காற்புள்ளியைக்கூட எடுத்திருக்கமாட்டார்.

ஜூன் 12, வியாழன்

இதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

என் ஒலிபரப்பியின் மின்வழங்கி பழுதாகி ஸாலிஹாவிடம் கொடுத்திருந்தேன். காலையில் கொண்டுவந்தாள். பழைய கறலைச் சுரண்டி, புதுக் கம்பி போட்டு, உள்ளே பட்டுப்போலச் செய்திருந்தாள். இவ்வளவு நேர்த்தியான கைக்கு மோர்ஸ் ஏன் வராது? எனக்குப் பொறுக்கவில்லை. உட்காரவைத்து, பென்சிலைக் கொடுத்து, பத்திரிகையிலிருந்து ஒரு பந்தியை மோர்ஸ் சாவியில் தட்டினேன். பரீட்சை வேகத்துக்கு இரண்டு மடங்கு வேகம்.

ஒரு எழுத்துப் பிழையில்லை.

மறுபடி தட்டினேன், இன்னும் வேகமாக. அதுவும் முழுமை. பிறகு எப்படித் தவறினாய் என்று கேட்டேன். அவள் தொலைபேசியை எடுத்து, பரீட்சைக்குப் பழகக் கொழும்பிலிருந்து அனுப்பியிருந்த மாதிரி ஒலிப்பதிவைப் போட்டாள். குழந்தைக்கும் விளங்கும் மெதுவான, சுத்தமான மோர்ஸ். அவள் எழுதியதில் பாதி பிழை.

“பரீட்சையில வாற சத்தம் உங்கட மாதிரி இல்ல மிஸ். உங்கட எனக்கு நல்லா விளங்கும். இது எல்லாம் ஒரே அளவா வருது, எங்க முடியுது எங்க துவங்குது எண்டு விளங்கல்ல.”

காலை ஆறு மணிக்குப் பயில்வோருக்காக நான் தினமும் ஒரு பந்தி அனுப்புகிறேன். அதைக் கேட்டுத்தான் இவள் பழகியிருக்கிறாள். அதை மட்டும்.

தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

காலை ஆறு மணிக்கு சாவியைத் தொடவில்லை. இத்தனை வருடத்தில் இதுவே முதல் நாள்.

மேசையில் கையை வைத்துப் பார்த்தேன். நடுங்குகிறதா? அவ்வளவு ஒன்றும் இல்லை. கொஞ்சம். காப்புச் சத்தம் கேட்கிறது — கையை அசைக்காமலே.

ஆனால் கேட்ட சங்கத்தார் எல்லாரும் ஐந்து-ஒன்பது-ஒன்பது தந்தார்களே. ஒவ்வொரு நாளும். தெளிவு, வலிமை, தொனி, மூன்றுக்கும் முழுப்புள்ளி. நானே என் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். பக்கம் பக்கமாக.

ஜூன் 15, ஞாயிறு

பஸ் எடுத்து குருக்கள்மடம் போனேன். ஜெயரூபன் வீட்டு மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டார். நேரே கேட்டேன்: என் கை உங்களுக்கு விளங்குகிறதா, இல்லையா?

தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சீனி கரைந்து எவ்வளவோ நேரம்.

“ரெண்டு வருசமா ஒண்டும் விளங்குறல்ல அன்ரி.”

“பிறகென்னத்துக்கு ஐந்து-ஒன்பது-ஒன்பது குடுத்தீங்க?”

“எல்லாரும் எல்லாருக்கும் குடுக்கிறதுதானே. உங்களுக்குக் குறைச்சுக் குடுக்க எந்தக் கை வரும்? நீங்க அனுப்பி முடிஞ்ச உடன நன்றி எண்டு போடுவம். அவ்வளவுதான்.”

ஆறு மணிக்கு நான் என்ன அனுப்பினேன் என்று இரண்டு வருடமாக ஒருவருக்கும் தெரியாது. நன்றி, நன்றி என்று போட்டிருக்கிறார்கள். என்ன மனிசர் இவங்கள்! ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. நான் கடிச்சா விழுங்குவன்?

— விழுங்கியிருப்பேன். அதுவும் உண்மை.

ஜூன் 17, செவ்வாய்

கோபம் போய்விட்டது என்று எழுத வந்தேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் வேறொன்றும் இருக்கிறது.

என் கணவர் தங்கராசா இறந்து ஒன்பது வருடம். அவர்தான் என்னை வானொலிக்கு இழுத்தவர். அவர் போன பிறகு இந்த வீட்டில் நான் சொல்வதை முழுவதும் கேட்டவர் யார்? மகள் அவுஸ்திரேலியாவிலிருந்து தொலைபேசியில் “ஓம் அம்மா, ஓம் அம்மா” என்பாள், பாத்திரம் கழுவிக்கொண்டே. ஆனால் காத்தான்குடியில் ஒருத்தி விடியற்காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து, பென்சிலோடு உட்கார்ந்து, என் பழுதான கையை எழுத்து எழுத்தாகக் கேட்டிருக்கிறாள். பதினொரு மாதம். உலகத்திலேயே என் மோர்ஸ் விளங்கும் ஒரே ஆள்.

இதற்கு நன்றி சொல்லாமல் வேறு என்ன செய்வது? ஆனால் அப்படிக் கேட்டதற்கான விலையை அவள் அல்லவா கட்டியிருக்கிறாள், இரண்டு பரீட்சையில்.

ஜூன் 20, வெள்ளி

ஓட்டோவில் காத்தான்குடி போய்ச் சொல்லிவிட்டேன். பிழை உன்னுடையது அல்ல, என் கையுடையது. கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் என்று. வழியில் மூன்று தரம் சொல்லிப் பார்த்த வசனம், இருந்தும் நடுவில் தடக்கிவிட்டது.

அவள் கேட்டாள்: “அப்ப நான் மக்கு இல்லயா மிஸ்?”

இல்லை என்றேன்.

“ரெண்டு தரம் பெயில் எண்டு அவர் கட்டாரில இருந்து சிரிச்ச சிரிப்பு! இன்டைக்குப் போன் எடுக்கட்டும் மனிசன்.” என்று சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள், நடுங்கும் கையை. எனக்கு வட்டிலப்பம் தந்தாள். டொக்டர் சீனி கூடாது என்றிருக்கிறார். சாப்பிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

முதல் கடிதத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். தொடக்க வகுப்புக்கு மோர்ஸ் பரீட்சை வேண்டாம். விரும்புகிறவர்கள் பிறகு தனியாக எழுதட்டும் என்பது எங்கள் சங்கத்தின் கருத்து. என் வாக்கோடு மூன்றுக்கு இரண்டு.

காரணமும் எழுதினேன். எங்கள் விண்ணப்பதாரர் ஒருவர் இரண்டு தரம் தவறியது செயலாளரின் பழுதான கையைக் கேட்டுப் பழகியதால். அதே பரீட்சையை இன்று வைத்தால் செயலாளர் சாவியில் தேறமாட்டார். அதை அவரிடம் சொல்ல இரண்டு வருடமாகச் சங்கத்தில் எவருக்கும் மனம் வரவில்லை. புதியவர்கள் வராத இடத்தில் இப்படித்தான் நடக்கும்.

ஜெயரூபனுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பந்தி வேண்டாம் அன்ரி, கொழும்பில் உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றார். தெரிந்தவர்கள் இருப்பதால்தான் அது இருக்க வேண்டும் என்றேன். போகும்போது சதீசன் என் பையை வாங்கி பஸ் நிற்பாட்டுமிடம் வரை சுமந்து வந்தான்.

ஜூன் 26, வியாழன்

பதிவுத் தபாலில் போட்டாயிற்று. வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன், பகலில், வெட்கமில்லாமல்.

செப்டெம்பர் 18, வியாழன்

திருத்தம் நிறைவேறிவிட்டது. அரசாங்கக் கந்தோர்க் காரியங்களில் காணாத வேகம். பரீட்சையை இங்கேயே ஒரு பாடசாலை மண்டபத்தில் வைத்தார்கள், பதினான்கு பேர் எழுதினார்கள். மேற்பார்வைக்கு என்னைக் கேட்டார்கள். மரியாதையோடு மறுத்து, சதீசனின் பெயரைக் கொடுத்தேன். அவனுக்கு ஆச்சரியம். எனக்கும்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

காலை எட்டு மணிக்குச் சங்கத்தின் வாராந்தச் சந்திப்பு, அலைவரிசையில். அதை நடத்தியது ஸாலிஹா. அனுமதிப்பத்திரத்தோடு கிடைத்து மூன்று நாளான அழைப்புக்குறியை அவள் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். பின்னால் ஏதோ கதவு சாத்தும் சத்தம், “சத்தம் போடாதீங்க, நான் கதைக்கிறன்” என்று யாரையோ அதட்டுவதும் சேர்ந்து வந்தது.

பதினொரு பேர். வாகரையிலிருந்து ஒரு மீனவர், பெயர் வீரகத்தி. களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாதி. ஒருவர் ஒலிவாங்கிப் பொத்தானை அமர்த்த மறந்து பேசிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

என் முறை எட்டாவது. அதுவரை ஒலிவாங்கியைத் தொடாமல் காத்திருந்து, ஏழு பேரின் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டேன். வீரகத்தியின் ஊர் வாகரை என்பதை மட்டும் அப்போது சரியாகப் பிடிக்க முடியவில்லை. என் முறை வந்ததும் அதைத்தான் முதலில் கேட்டேன்.