பஞ்சாங்கத்தில் நான் சொன்ன பொய்

என் உடன்பிறந்த செல்வமே, சிவகாமி,

உன் ஆண்டுத் திதிதோறும் கோவில் மலரில் உனக்காக ஒரு வெண்பா எழுதுவேன். இம்முறை யாப்புக் கைகூடவில்லை. அச்சத்தில் தளை தட்டுகிறது. ஆகவே கடிதமாக எழுதுகிறேன். ஊராரும் படிக்கட்டும்.

நீ காணாத உன் மருமகள், என் மகள் தாரணி, இங்கே மெல்பேர்னில் மருத்துவிச்சியாக இருக்கிறாள். போர் நடக்கும் நாடொன்றில், கூடாரத்துக்குள் மகப்பேறு பார்க்கும் உதவிக் குழுவுடன் போகிறாள். எந்த நாடென்று அச்சில் போட வேண்டாம் என்றாள். குண்டுக்குத் தப்பிய கர்ப்பிணிகள், அவர்களில் சிறுமிகளும், அங்கே பிள்ளைப்பேற்றில் இரத்தம் பெருகி இறக்கிறார்களாம். உனக்கு இதை நான் விளக்கவும் வேண்டுமா?

புறப்படுமுன் ஒரு படிவம் கொண்டுவந்தாள். "அப்பா, என்னை ஆராவது பிடிச்சுக்கொண்டு போனா, நான் உயிரோட இருக்கிறன் எண்டு செக் பண்ண ஒரு கேள்வி வேணும். எனக்கு மட்டும்தான் பதில் தெரியோணும்."

"சின்னனில பிட்டை எந்தக் கதிரைக்குக் கீழ ஒளிச்சனீ எண்டு கேக்கச் சொல்லு" என்றாள் உன் மச்சாள்.

"அம்மா, பெர்ஃபெக்ட்!"

இருவரும் சிரித்தார்கள். நான் அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிடித்துக்கொண்டு போவார்களா?

பால் காய்ச்சவும் காது குத்தவும் புதுக் கார் எடுக்கவும் இங்குள்ள சனம் நாள் கேட்பது என்னிடந்தான். இத்தனை ஆண்டுகளில் ஒருவருக்கும் நாள் பிழையாகச் சொன்னதில்லை. அன்று சொன்னேன். அவள் போகவிருந்த வியாழன் துவிதியை, அமிர்தயோகம், மாசற்ற நாள். "மரணயோகம் பிள்ளை, அடுத்த வியாழன் போ" என்றேன்.

"பிளேனுக்குமோ மரணயோகம்?" என்று கேட்டவள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஃபோனை எடுத்துப் பயணத்தைத் தள்ளிப்போட்டாள்.

திங்கட்கிழமை குசினியில் தாரணி அடுப்பருகே நின்றபோது அங்கிருந்து அவளுக்குச் செய்தி வந்தது. படித்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "நேற்று ரெண்டு பேருக்கு ஒரே நேரத்தில வலி வந்திட்டுதாம். பாக்க ஒராள்தான் நிண்டதாம். ஒருத்திக்குப் பதினாறு வயசு, அப்பா."

ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். அந்தச் சிறுமிக்கு என்ன ஆயிற்று? மற்றவளுக்கு? முதல் வியாழனே போயிருந்தால் ஞாயிறன்று என் மகள் அங்கே நின்றிருப்பாள். நான் கேட்கவில்லை.

அப்போது உன்னை நினைத்தேன். நம் ஊர்ப் போரில் இடம்பெயர்ந்து, பள்ளிக்கூட வகுப்பறையில் நீ வலியோடு கிடந்தாய். ஷெல் விழ விழச் சைக்கிள் மிதித்து மருத்துவிச்சி வீட்டுக்குப் போனேன். அவளுடைய தகப்பனார் படலைக் கதவை மறித்து நின்றார். "பிள்ளை வீட்டில இல்லைத் தம்பி" என்றார். அவளுடைய செருப்பு வாசலில் கிடந்தது. நான் திரும்பி வந்தபோது நீ இல்லை. உன் வயிற்றில் இருந்த சிசுவும் இல்லை.

அந்த மனிதரை நான் இறைவன் சந்நிதியில் நின்றும் சபித்திருக்கிறேன். அவருடைய முகத்தில் அன்று என்ன இருந்தது? நான் பார்க்கவில்லை. செருப்பைத்தான் பார்த்தேன். பஞ்சாங்கத்தை வைத்துப் பொய் சொன்ன என் முகத்தைத் தாரணி பார்த்தாள்.

செவ்வாயன்று மகளிடம் சொன்னேன். "பிள்ளை, அது நல்ல நாள். நான் பொய் சொன்னனான்."

"தெரியும் அப்பா. பஞ்சாங்கம் என்ர ஃபோன்லயும் இருக்கு."

"பிறகேன் நிண்டனீ?"

"எனக்கும் பயம்தான். நீங்கள் சொன்னது எனக்கு வசதியாப் போச்சு."

தகப்பனும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டாமல் இருந்தோம். ஒரு பொய்யை இருவரும் அறிந்தே சுமந்தோம். அதற்கு விலை கொடுத்தது யார்?

நாளை வியாழன், நவமி. விமானம் இரண்டு மணிக்கு, சரியாக இராகு காலத்தில். "நாள் எப்பிடி அப்பா?" என்று இன்று காலை கேட்டாள். "கூடாத நாள்" என்றேன். அது உண்மை.

"சரி, அப்ப போறன்."

"போறன் எண்டு சொல்லாதை! போயிட்டு வாறன் எண்டு சொல்லு" என்று உன் மச்சாள் அதட்டினாள்.

என் அச்சம் தீரவில்லை, தங்கச்சி. பதிகம் ஓதத் தொடங்கினால் பாதியில் அடி மறந்துபோகிறது. இம்மலர் அச்சேறும்போது அவள் அந்தக் கூடாரத்தில் இருப்பாள். நான் ஃபோன் மணி அடித்தாலும் அஞ்சுவேன், அடிக்காவிட்டாலும் அஞ்சுவேன். ஆயினும், அங்கே வலியில் கிடக்கும் யாரோ ஒருத்திக்காக அவளுடைய அண்ணன் வழிபார்த்து நிற்பான். அவனிடம் "பிள்ளை வீட்டில் இல்லை" என்று நான் சொல்ல மாட்டேன். நாளை அவள் நெற்றியில் திருநீறு இட்டு, அவளுடைய பெட்டியை நானே வாசலுக்கு வெளியே எடுத்து வைப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

அன்று தனியே திரும்பி வந்த,
உன் மூத்தண்ணன்