சாமிக்குக் கொடுக்காத வெள்ளித் தகடு

மச்சான்,

உன் வீட்டு மேற்குச் சன்னலில் ஒரு கண்ணாடி உடைந்துவிட்டது. மன்னவனூர்க் குளிர் உனக்குத் தெரியாததா? தங்கச்சி அந்த ஓட்டையில் உன் ஸ்கேன் படத்தை வைத்து ஒட்டியிருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் மஞ்சு விலகி வெயில் அடித்தபோது நான் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். உன் வயிறு கட்டம் கட்டமாகச் சன்னலில் ஒளிர்ந்தது.

"பாக்கச் சங்கடமா இருக்காண்ணே?"

"இல்லத்தா. அவன் வெளிய நின்னு எட்டிப் பாக்குற மாதிரிதான இருக்கு" என்றேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். ஆனால் அந்தப் படத்தை நான் படிப்பேன். எந்தக் கட்டத்தில் அந்தக் கட்டி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு விரல் வைப்பேன்.

கேரட் பிடுங்குகிற சமயத்தில் உன் கால் வீங்கியது. அட்டைக்கடி என்று சுண்ணாம்பு தடவினாய். வீக்கம் வடியவில்லை. வயிற்றுக்குள் என்னவோ கனக்கிறது என்று நீ சொன்ன பிறகுதான் மதுரைக்குப் போனோம். ஸ்கேன் எடுக்கிற வளையத்துக்குள் உன்னைப் படுக்கவைத்து ஊசியில் மருந்து ஏற்றினார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி இயந்திரத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்ததாம். நீ மரியாதையாக, "சரிங்கம்மா" என்றாயாம். பேசினால் மூச்சு எங்கே நிற்கும்? படம் கலங்கிவிட்டது. படம் எடுக்கிற தம்பி வெளியே வந்து, "ஐயா, அது பதிவு பண்ணின குரல். பதில் சொல்ல வேணாம்னு அவருக்குச் சொல்லுங்க" என்றான். நீ விட்டாயா? "அந்தப் புள்ள அம்புட்டுப் பதவிசாச் சொல்லுது, ஊமை மாதிரிக் கெடக்கச் சொல்றீங்களே!"

டாக்டரம்மா படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாய், அதன் சுவரிலிருந்து கிளம்பிய கட்டி. நடு கறுத்துப்போன கிழங்கை அறுத்து வைத்த மாதிரி இருந்தது. "ஓரத்துல வெளுப்பா இருக்கிறது மருந்தை இழுத்துக்கிட்டு உயிரோட வளர்ற இடம். நடுவுல கறுப்பு, ரத்தம் எட்டாம செத்துப்போன இடம்" என்றார். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தபின் புற்று என்பது உறுதியானது. குடலிலும் ரத்தக்குழாயிலும் நாம் ஏவாமலே இயங்குகிற தசை ஒன்று இருக்கிறதாம். அதில் எப்போதாவது, யாருக்காவது வருவதாம்.

நீ படத்தைப் பார்த்து, "எனக்குச் சொல்லாமலே வேலை செஞ்சான். சொல்லாமலே கெட்டும் போயிட்டான்" என்றாய்.

ஆபரேஷனுக்கு முன்னால் நான் பழனிக்கு இறங்கினேன். கால் நோவுக்கு வெள்ளிக் கால், கண் நோவுக்குக் கண்மலர் என்று உண்டியலில் போடுவது நம் வழக்கம்தானே. அடிவாரத்துக் கடைக்காரர், "எந்த உறுப்புங்க பெரியவரே?" என்றார்.

"வயித்துக்குப் பின்னால, ரத்தக்குழாய்ச் செவுத்துல."

"அதுக்கு அச்சு இல்லீங்களே. வயிறு இருக்கு, தரட்டா?"

"வயிறு நல்லாத்தான்யா இருக்கு!"

கையோடு கொண்டுபோன படத்தை விரித்து, இந்த உருவம்தான் வேண்டும் என்று காட்டினேன். அவர் அதன் அளவுக்கே வெள்ளித் தகட்டை வெட்டி, ஓரம் தேய்த்துக் கொடுத்தார்.

அதைப் பார்த்து நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஏலே மாப்ளே, கால் சொகமாகணும்னு காலைக் குடுப்பாக. நீ கட்டியைக் குடுத்தா முருகன் எதைச் சொகமாக்குவான்?" தங்கச்சி அழுகையும் சிரிப்புமாக உள்ளே போய்விட்டாள்.

"வெரசாப் போயி மாத்திட்டு வந்துர்றேன்" என்று எழுந்தேன். நீ என் கையைப் பிடித்து உட்கார வைத்தாய். "வேணாம். சாமிகிட்டப் போனா இது செழிச்சுரும். உன் இடுப்புப் பையிலயே கெடக்கட்டும். பட்டினி போடு."

கட்டியை எடுத்தார்கள். நீ திரும்பி வந்து கிழங்கு போட்டாய், அள்ளவும் செய்தாய். பிறகு இருமல் வந்தது. மறுபடியும் அதே வளையம். அந்தத் தம்பி வெளியே வந்து, "இந்தவாட்டி ஐயா பேசவே இல்லைங்க. படம் தெளிவா வந்திருக்கு" என்றான். நான் இடுப்புப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். நெஞ்சுப் படத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். "இம்புட்டுக்கும் தகடு வெட்ட அந்தக் கடைக்காரருக்கு வெள்ளி பத்தாது" என்று நீதான் சொன்னாய். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

உன்னைக் குழியில் இறக்கியபோது, அந்தத் தகட்டையும் உள்ளே போட்டுவிடலாம் என்று என் கை பைக்குள் போனது. உன்னோடு அதை மறுபடி அனுப்ப மனம் வரவில்லை. வெறுங்கையை வெளியே எடுத்து மண்ணள்ளிப் போட்டேன்.

கொடைக்கானலிலிருந்து கண்ணாடி வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள் தங்கச்சி. வாங்கி வருவேன். படத்தை நான் எடுத்துக்கொள்வேன்.

தகடு என் இடுப்பில்தான் கிடக்கிறது, மச்சான். துடைப்பதில்லை. இன்று காலையில் எடுத்துப் பார்த்தேன். வெளுப்பாக இருந்த ஓரமும் கறுத்துவிட்டது.