போன் அடிச்சதும் ஓடினவங்க

அன்பு மகளுக்கு, அப்பா எழுதறது. இங்கே நான் நல்லா இருக்கேன், முழங்கால் ஒண்ணுதான் பேச்சு கேக்க மாட்டேங்குது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம சந்தோஷமா இருக்கீங்கன்னு நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கறப்ப இந்த மனுஷனுக்கு எதுக்குக் கடிதாசின்னு சிரிப்பே. போன்ல நாம பேசற அழகுதான் தெரியுமே, சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, வெயிலா, வெச்சிடட்டுமா, அவ்வளவுதான். உங்கம்மா போய்ப் பதினோரு மாசம் ஆச்சு, நாம ரெண்டு பேரும் அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கல. அதைப் பேசத்தான் இந்தக் கடிதாசி. இப்ப எனக்கு அப்படி ஒரு வேகம் வந்திருக்கு, எழுத்து கோணல்மாணலா இருந்தா பொறுத்துக்கோ.

அம்மா காரியம் முடிஞ்சு நான் வேலைக்குத் திரும்பினதுலேர்ந்தே எங்க லிஃப்ட் கம்பெனி ஆளுங்க ஒரு தினுசா இருந்தாங்க. அஞ்சு பேர் மெஷின் ரூம்ல வேலை பார்த்துட்டு இருப்போம், ஒருத்தனுக்கு போன் அடிக்கும், யாருன்னு பார்ப்பான், அப்புறம் என்னைப் பார்ப்பான், உடனே மாடிப்படிக்கு ஓடுவான். நம்ம மீசை இருக்கானே, தொண்ணூறு கிலோ, அவன் ஸ்பேனரைக்கூடக் கீழே வெக்காம ஓடுவான். இன்னொருத்தன், தடிக் கண்ணாடி போட்ட நம்ம சோடாபுட்டி, ஒருநாள் லிஃப்ட் பள்ளத்துக்குள்ள இறங்கி நின்னு குசுகுசுன்னு பேசினான். சரிதான், வயசாச்சு, முழங்காலும் போச்சு, கிழவனைக் கழட்டி விடப் பார்க்கறாங்க, சூப்பர்வைசரும் இதுக்கு உடந்தைன்னு முடிவே கட்டிட்டேன். வேற எங்கயாவது வேலை இருக்கான்னு விசாரிக்கக்கூட ஆரம்பிச்சேன், உன்கிட்டதான் சொல்லல.

இந்தச் செவ்வாய்க்கிழமை ஏழு மாடிக் கட்டிடத்து உச்சியில பிரேக் மாத்திட்டு இருக்கோம், மீசைக்கு போன் வந்துச்சு, கிளம்பிட்டான். எனக்கு எங்கேர்ந்துதான் அந்தக் கோபம் வந்துச்சோ, கதவை மறிச்சு நின்னுட்டேன். என்னை வெளியே அனுப்பறதா இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்கடான்னு கத்தினேன். போன் அலறிட்டே இருக்கு, மீசை திருதிருன்னு முழிக்கிறான். கடைசியில சூப்பர்வைசர் தரையைப் பார்த்துட்டே சொன்னார், அண்ணே, உங்க எதிர்ல யாரும் பொண்டாட்டிகிட்ட பேசக்கூடாதுன்னு நான்தான் சொல்லி வெச்சேன், உங்க மனசு நோகுமேன்னு. பதினோரு மாசமா! நாலு ஆம்பளைங்க, தக்காளி அரைக் கிலோவா ஒரு கிலோவான்னு கேக்கறதுக்கு மாடிப்படிக்கு ஓடியிருக்காங்க! வயிறு வலிக்கச் சிரிச்சேன் கண்ணு. சிரிச்சுட்டு இருந்தவன் எப்ப அழ ஆரம்பிச்சேன்னு எனக்கே தெரியல. மீசை பக்கத்துல வந்து உக்காந்து, அண்ணி எப்படிப் பேசுவாங்கண்ணேன்னு கேட்டான். இத்தனை நாள்ல ஒருத்தரும் என்னை அதைக் கேட்டதில்ல.

அப்புறம் பிடிச்சேன் பாரு பேச்சை! லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாக்கப்பட்டும் உங்கம்மா ஆயுசுல லிஃப்ட்ல கால் வெச்சதில்லையே, அதைச் சொன்னேன். வீட்ல நீங்க மாட்டின ஃபேன் ஆடற ஆட்டத்தைப் பார்த்தவ நான், ஆளை விடுங்கன்னு அஞ்சு மாடின்னாலும் நடந்தே ஏறுவாளே, அதை அவ குரல்லயே சொன்னேன். அவனுங்க சிரிச்ச சிரிப்புல வாட்ச்மேன் என்னமோ ஏதோன்னு பயந்து, லிஃப்ட் வேற ஓடல, பாவம், ஏழு மாடியும் படியேறி வந்துட்டார். அவருக்கும் முதல்லேர்ந்து சொன்னேன்.

அப்பதான் சோடாபுட்டி வாயைத் திறந்தான். அவன் தங்கச்சி இறந்து மூணு வருஷம். நாலாம் நாளே வேலைக்கு வந்து என்கிட்டதான் அவ பேச்சை எடுத்தானாம், நான் அந்த வயரை எடுன்னு சொன்னேனாம். எனக்கு ஞாபகமே இல்ல, அவனுக்கு நல்லா இருக்கு. கோபமா சொல்லல, ஆனா எனக்குச் சுருக்குன்னுச்சு. மன்னிச்சுக்கடான்னேன், இப்ப சொல்லுன்னேன். சொன்னான் பாரு, சாயங்காலம் வரைக்கும் சொன்னான், பிரேக் வேலை மறுநாள்தான் முடிஞ்சுது. இனிமே யார் வீட்ல எது நடந்தாலும், அவங்க திரும்பி வர்ற முதல் நாளே, பேசணுமா இல்ல சும்மா வேலை பார்க்கணுமான்னு நேரா கேட்டுடறதுன்னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டோம். சூப்பர்வைசர் ஆபீஸ்லயும் போய்ச் சொல்லிட்டார். நீ பாடம் எடுக்கற வகுப்புல அப்பாவைப் பறிகொடுத்த ஒரு பொண்ணு இருக்கா, அதைப் பத்தி யாரும் அவகிட்ட வாயே திறக்கக் கூடாதுன்னு டீச்சருங்க பேசி வெச்சிருக்கோம்னு சொன்னியே, வேணாம்டா, நீயாவது தனியா கூப்பிட்டு உங்கப்பா எப்படிப் பேசுவார்டின்னு கேளு. அவ சொல்லலைன்னாலும் பரவாயில்ல, கேட்டது ஒண்ணு போதும்.

இதையெல்லாம் ஊருக்கு உபதேசம் பண்ற நான் உன்கிட்ட ஒண்ணு ஒத்துக்கணும். போன மாசம் நீ போன்ல, அம்மா குரல் மறந்துடும் போல இருக்குப்பான்னு ஆரம்பிச்சே. நான் டவர் இல்ல, ஒண்ணும் கேக்கலன்னு சொல்லி போனை வெச்சுட்டேன். டவர் நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. நீ சொன்னது எல்லாமே கேட்டுச்சு. எனக்குத்தான் தைரியம் இல்ல.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாம நீடூழி வாழணும், அதுதான் அப்பாவோட ஆசீர்வாதம், அம்மாவோடதும் சேர்த்து. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமப் போடு. ஞாயித்துக்கிழமை கூப்பிடு. அழுகை வந்தா அழு, நான் போனை வெக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா