ஒவ்வொரு நிமிடமும் அது சொன்ன எண்

இன்று காலை பழைய சர்வர் ஒன்றைத் துடைத்து மின்சாரம் கொடுத்தேன். உள்ளே படிந்திருந்த தூசி சூடாகி அந்த வாசனை எழுந்தது. "மெஷின் தூங்கி எழுந்திரிச்சா வாய் நாறத்தான்டி செய்யும்" என்பாய். சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன். நீ போய் நான்கு மாதமாகிறது என்பது திரும்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஜொகூரில், செனாய் ஊரின் இந்தப் பட்டறைக்கு நாம் ஒரே வாரத்தில் வந்தோம். இருவரும் பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவர்கள். ஓராண்டு கீழ்க்கூடத்தில் பழைய கணினிகளைக் கழற்றி, செம்பு வேறு பிளாஸ்டிக் வேறாகப் பிரித்தோம். பிறகு சூப்பர்வைசர் சேகர் அண்ணன் மூன்று மாதச் சோதனைக்கு நம்மை மேலே, பழைய இயந்திரங்களை ஓடவைக்கும் லேப்புக்கு அனுப்பினார். அதுவரை இயந்திரங்களை உடைத்துத்தான் எனக்குப் பழக்கம். அவை ஒன்றோடொன்று பேசுவதை மேலேதான் பார்த்தேன். திரும்பக் கீழே போகக் கூடாது. வேறு எதையும் அப்போது நான் வேண்டியதில்லை.

சோதனையின் கடைசி வாரத்தில் அந்த வேலை எனக்கு வந்தது. ஒரு தொழிற்சாலையில் இருபது ஆண்டுக்கு மேல் ஓடிய சர்வர். அதோடு இருந்த ரவுட்டர் செத்துவிட்டதால் வேறொரு பழைய ரவுட்டரைப் பொருத்த வேண்டும். அது இந்தக் காலத்து நெட்வொர்க் இல்லை. அதில் ஒவ்வொரு கம்பிக்கும், தெருவுக்குப் பெயர் இருப்பதுபோல, ஓர் எண் உண்டு. ஒரே கம்பியில் இருப்பவை ஒரே எண்ணைச் சொன்னால்தான் பேசிக்கொள்ளும். எண்ணை வைத்த மனிதர் அதை எங்கும் எழுதிவைக்கவில்லை. சர்வரின் கீபோர்டு கடவுச்சொல்லால் பூட்டிக் கிடந்தது.

"வெள்ளிக்குள்ள முடிச்சிரு லா. இல்லன்னா கீழ எடம் காலியாதான் இருக்கு," என்றார் அண்ணன்.

ரவுட்டருக்கென்று இருந்த கீபோர்டில் ஒன்று என்று அடித்தேன். சற்று நேரத்தில் சர்வர் பீப் என்று கத்தியது. அதன் திரையில் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட வரி. அதில் பிழை என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. இரண்டு என்று மாற்றினேன். மறுபடி பீப். அறையே திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது. மூடியைத் திறந்து, உள்ளே ஸ்பீக்கருக்குப் போகும் சின்ன ஒயரைப் பிடுங்கினேன். திரையையும் அணைத்தேன். பிறகு நிம்மதியாக மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொரு எண்ணுக்கும் ரவுட்டரின் பட்டியலில் சர்வரின் பெயர் வருகிறதா என்று பார்ப்பேன். வராது.

வியாழன் மத்தியானம் நீ பாலில்லாத தேஓ தேநீர்ப் பொட்டலத்தை ஆட்டிக்கொண்டு வந்தாய்.

"என்னாடி, இன்னும் பேசலியா அது?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"எது வர அடிச்சிருக்க?"

"எரநூத்துப் பதினாறு."

"அலமாக்! எட்டு எடம்டி இந்த நம்பரு. நீ கெழவியாயிருவ. மிச்சத்த ஒம் பேரப்புள்ளதான் வந்து அடிக்கணும்." திரையைத் தட்டினாய். "இது ஏன் இருட்டா இருக்கு?"

"சும்மா சும்மா தப்புன்னு காட்டுது. எல்லாரும் பாக்குறாங்க."

நீ கேலி செய்வாய் என்று நினைத்தேன். ஒயரை மாட்டினாய், திரையைப் போட்டாய். "என்னா தப்புன்னு அத கேட்டியா நீ?"

பீப். அந்த வரியை விரலால் தொட்டு, நம் தடுமாறும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகப் படித்தாய். இந்த ரவுட்டர் சொல்லும் எண் இது. சொல்ல வேண்டிய எண் இது. எட்டு இடமும், எண்ணும் எழுத்துமாக, முழுசாக அங்கே நின்றது.

வைத்தவரே விட்டுப்போன எண்ணை அந்தப் பெட்டி இத்தனை ஆண்டு காப்பாற்றி வைத்திருந்தது. நான் அதன் வாயை அடைத்த பிறகும், இருட்டுத் திரைக்குப் பின்னால், நிமிடத்துக்கு ஒருமுறை எனக்கு விடை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான்கு நாள். கோபமில்லை, சலிப்பில்லை. அந்தத் தூசிப் பெட்டியைக் கும்பிடலாம் போலிருந்தது. உன்னையும்தான்.

"நீயே அடி," என்று ரவுட்டரின் கீபோர்டை என் பக்கம் தள்ளினாய். அடித்தேன். பீப் நின்றது. பட்டியலில் சர்வரின் பெயர் வந்து உட்கார்ந்தது. தேஓவை நீ பாதி குடித்து என்னிடம் நீட்டினாய்.

"யாரு கண்டுபிடிச்சா?" என்று கேட்டார் அண்ணன்.

"அவதான் ண்ணே," என்று என்னைக் காட்டினாய். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு மேலே இடம் நிலைத்தது, அந்தப் பொய்யின் மேல்.

பிறகு டெங்கி. "வெறும் காச்சல்டி" என்று இரண்டு நாள் வேலைக்கு வந்தாய். ஆறாம் நாள் நீ இல்லை. உன் வீட்டில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். உன் அம்மாவிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று காலை சேகர் அண்ணன் வந்து பார்த்தார். "இதுக்கும் நம்பரு இல்லயாம். அன்னிக்கி செஞ்ச மாதிரி செஞ்சிரு."

"அன்னிக்கி கண்டுபிடிச்சது நான் இல்ல ண்ணே." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அவதான். நான் சத்தம் வராம ஒயர புடுங்கி வச்சிருந்தேன்."

கீழே போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"இந்த நாலு மாசமா யாரு செஞ்சா?"

"நான்தான் ண்ணே."

"அப்ப செய் லா," என்றார்.

தப்பு என்று தெரிந்தே ரவுட்டரில் ஒன்று என்று அடித்தேன். சர்வரின் திரையை அறையின் பக்கம் திருப்பி வைத்தேன். அந்த ஒரு நிமிடம் மெதுவாகப் போனது. பீப் என்றதும் எழுந்து நின்று, அந்த வரியை ஒவ்வொரு சொல்லாக, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன்.