மூன்று ஜோடிக் காலுறை

டிசம்பர் 11, வியாழன் இரவு

வாலு அப்பாவுக்கு,

இத்தனை நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். வாலுவைத் தூங்க வைக்கவே பதினொன்று ஆகிவிட்டது. “கூடாரத்துல கரடி வந்தா அப்பா என்னம்மா பண்ணுவார்?” என்று ஒரே நச்சரிப்பு. “அப்பா குறட்டையைக் கேட்டே ஓடிடும், தூங்குடி” என்றேன். அதற்கப்புறம்தான் கண்ணை மூடினாள்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால் எழுதியே சொல்லிக்கொள்வோம், அவள் பையிலேயே கொடுத்தனுப்புவோம் என்று தனித்தனி வீடு போன அன்று பேசிக்கொண்டோமே, அதன்படி எழுதுகிறேன்.

சனிக்கிழமை நீங்கள் அவளைப் பனிமலைக்குக் கூடாரம் போடக் கூட்டிப்போகும்போது போட வேண்டியவை இவை. உடம்போடு ஒட்டியிருக்கக் கம்பளி பனியன். பருத்தி வேண்டாம், வியர்த்தால் ஈரம் அப்படியே நின்றுவிடும். அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். காது மூடக் குல்லா. காலுக்கு மூன்று ஜோடிக் கம்பளிக் காலுறை வைத்திருக்கிறேன். மூன்றையும் போட்டுத்தான் பூட்ஸ் மாட்ட வேண்டும். கழற்றவே கூடாது என்று அவளிடமும் சொல்லியிருக்கிறேன்.

பனியில் மின்கம்பம் ஏறுகிறவனுக்கு நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறவள் சொல்லித் தருகிறாளா என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். போன மழையில் உங்களிடமிருந்து நனைந்து வந்தவள் பத்து நாள் நெஞ்சுச்சளியோடு கிடந்தாள். இந்த ஒரு தடவையாவது நான் சொன்னதை அப்படியே செய்யுங்கள்.

வாலுவின் அம்மா

டிசம்பர் 14, ஞாயிறு

வாலு அம்மாவுக்கு,

அவள் நொண்டிக்கொண்டு உன் முன்னால் நிற்கும்போது இதைப் படிப்பாய். பயப்படாதே. டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் கொண்டுவிடுகிறேன். விரலுக்கு ஆபத்தில்லை, ஒரு நகம் விழலாம் என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் பூட்ஸைக் கழற்றினால் இடது காலில் இரண்டு விரல் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. தொட்டால் தெரியவில்லை என்றாள். சட்டையைத் தூக்கி என் வயிற்றில் அந்தப் பாதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரத்தம் திரும்பும்போது அழுதாள் பார், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

காலையில் பூட்ஸ் கயிறு கட்டும்போதே எனக்குத் தெரியும். விரல் அசைய இடமில்லை. அப்படி இறுக்கினால் ரத்தம் ஓடாது. வேலைக்கு வரும் புதுப் பையன்களுக்கு நானே சொல்லித் தருவது இது. ஒரு ஜோடியைக் கழற்றலாம் என்று கை வைத்தேன். ‘அப்படியே செய்யுங்கள்’ என்று நீ எழுதியிருந்தாய். எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

யோசித்துப் பார்த்தேன். இனி அவள் உன்னிடமே இருக்கட்டும். நான் வாரம் ஒருமுறை போன் செய்கிறேன்.

அப்பா

டிசம்பர் 16, செவ்வாய் இரவு

வாலு அப்பாவுக்கு,

இதைத் தபாலில் போடுகிறேன். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். பையில் வைக்க முடியாது.

தப்பு என்னுடையது. சூடு துணியில் இல்லை, துணிக்கு நடுவே நிற்கும் காற்றில் இருக்கிறது. கல்லூரியில் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கியவள் நான். பயம் வந்தால் படித்ததெல்லாம் எங்கே போகிறதோ. இன்னொரு ஜோடி, இன்னொரு ஜோடி என்று திணித்துவிட்டேன்.

ஆனால் உங்கள்மேல் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தெரிந்தும் எப்படி விட்டீர்கள்? “போடி பைத்தியம்” என்று சொல்லிவிட்டுக் கழற்றிப் போட்டிருக்கலாமே. நான் கத்தியிருப்பேன்தான். கத்திவிட்டுப் போகிறேன், விரல் நன்றாக இருந்திருக்கும்.

இன்று மருந்து போடும்போது கேட்டேன்.

“காலையிலேயே வலிச்சிருக்குமேடி, ஏன் அப்பாகிட்ட சொல்லல?”

“சொன்னா அவர் கழட்டிடுவார்.”

“கழட்டட்டுமே.”

“அப்புறம் நீ அவரைத் திட்டுவே. அவர் உன்னைத் திட்டுவார். கொஞ்ச நேரத்துல வலி போயிடுச்சும்மா. எதுவுமே தெரியல.”

ஏழு வயது. பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். “அம்மா, மருந்து காயுது” என்று அவள்தான் எழுப்பினாள்.

நமக்குள் திரும்ப எதையும் ஒட்டவைக்க நான் கேட்கவில்லை. அது முடிந்தது என்று எனக்கும் தெரியும். ஆனால் இப்போது நீங்கள் வராமல் நின்றுவிட்டால், தன் காலால்தான் அப்பா போய்விட்டார் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அதையும் நம்மிடம் சொல்லமாட்டாள்.

இனி நான் எழுதுவதில் தப்பு இருந்தால் தப்பு என்று சொல்லுங்கள். சண்டை வந்தால் வரட்டும். அவளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

“சனிக்கிழமை அப்பா வருவாரா?” என்று இரண்டு தரம் கேட்டுவிட்டாள். ‘பார்க்கலாம்’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

வாலுவின் அம்மா