பேனாவால் எழுதிய எட்டுப் பக்கம்

ஐயா,

இன்று காலை தபால்காரர் ஒரு பார்சல் கொண்டுவந்தார். பிரித்ததும் பென்சில் சீவிய வாசனை. உங்கள் சுயசரிதை அச்சாகி வந்திருக்கிறது. உள்ளே நீங்கள் எழுதித் தேய்ந்த பென்சில் துண்டு ஒன்றையும் உங்கள் மகள் வைத்து அனுப்பியிருக்கிறார்.

“யாரு அனுப்பியிருக்கா? ஒங்க மந்திரியா? அவுகதான் மவுத்தாயிட்டாகளே!” என்றாள் என் மனைவி. நீங்கள் இறந்த சேதி அவளுக்கும் தெரியும்.

சங்கரன்கோவிலில் இன்றைக்கும் நான் ‘மந்திரிக்குக் கார் ஓட்டினவர்’தான். எந்த ஊர் மந்திரி என்று கேட்டால்தான் வம்பு. வட ஆப்பிரிக்கா என்றால், “அங்கன உமக்கு என்ன வே வேலை?” என்பார்கள். உங்கள் நாட்டுக்கு நான் போனதே இல்லை; வளைகுடாவில்தான் உங்களுக்குக் கார் ஓட்டினேன். விடுதலைக்காக நீங்கள் சிறை போனது, மந்திரியாக இருந்துகொண்டே நாவல்கள் எழுதியது, ஆட்சி கவிழ்ந்து வளைகுடாவில் வந்து தங்கியது எல்லாம் நீங்கள் பின்சீட்டில் இருந்து சொல்லக் கேட்டவை. நான் ஊருக்குப் போன் பேசுவதைக் கேட்டுக் கேட்டு என்னை “ஏலே” என்று கூப்பிடப் பழகிவிட்டீர்கள். ஒரு முன்னாள் மந்திரி வாயால் ஏலே கேட்பதில் எனக்குக் கொள்ளை இஷ்டம்.

நீங்கள் எழுதுவதெல்லாம் பென்சிலில்தான். “பேனா கையெழுத்துப் போடத்தான். போட்டால் போட்டதுதான்” என்பீர்கள். சுயசரிதையில் ஓர் அத்தியாயம் மட்டும் நகரவே இல்லை. பத்திரிகை நடத்திய உங்கள் பள்ளித் தோழரைச் சிறையில் அடைக்க நீங்கள் பிறப்பித்த உத்தரவு பற்றியது. அவர் உயிரோடு வெளியே வரவில்லை. ‘கோப்பைப் படிக்காமல் கையெழுத்திட்டேன்’ என்று எழுதுவீர்கள், அழிப்பீர்கள், மறுபடியும் அதையே எழுதுவீர்கள். மேசையில் கிடந்த ரப்பர் தூளைத் துடைத்தவன் நான். சின்ன வயதில் ஓதக் கற்ற அரபி எழுத்தும், உங்களோடு இருந்த வருடங்களும் அந்த வரியைப் படிக்க எனக்குப் போதுமாக இருந்தன.

ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று மேசை டிராயரைக் காட்டினீர்கள். “ஏலே” என்று தொடங்கி மீதியை அரபியில் சொன்னீர்கள். “அதில் எட்டுப் பக்கம் இருக்கிறது. கொளுத்திவிடு.”

தீப்பெட்டியும் கையுமாகத்தான் டிராயரைத் திறந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ‘கோப்பைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன்.’ எட்டுப் பக்கமும் பேனா.

அழிக்க நினைப்பவர் பேனாவை எடுப்பாரா ஐயா? தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நீங்கள் வீடு திரும்பவில்லை. காகிதங்களை வாங்க வந்த உங்கள் மகளிடம் நடந்ததைச் சொல்லி, அந்தப் பக்கங்களையும் கொடுத்தேன். நின்றபடியே படித்து அழுதார். “இதைச் சேர்த்தால் அப்பா பெயர் கெட்டுவிடும்” என்றார். “சேர்க்காவிட்டால் அவர் எழுதியதே வீண்” என்றேன். எல்லாக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதனால்தான் இன்று பார்சலைப் பிரித்த கையோடு அந்த அத்தியாயத்தைத் தேடினேன். இருக்கிறது ஐயா. ஒரு சொல் குறையாமல் இருக்கிறது.

“என்னத்துக்கு அழுதிய?” என்று கேட்டாள் இவள். சந்தோஷம்தான் என்றேன்.

உங்கள் கடைசிச் சொல்லை மீறியவன் நான். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அந்த எட்டுப் பக்கத்தை எழுதியவருக்குத்தான் கார் ஓட்டினேன் என்று இனி யார் கேட்டாலும் சொல்வேன். இந்த மடலை எழுத முதலில் உங்கள் பென்சிலைத்தான் எடுத்தேன். பிறகு அதை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டேன்.