ரபீக்காவை ராட்டினத்துக்குக் கூட்டிப் போனது

மூதூர்
1957 ஆகஸ்ட்

அன்பு மகன் மஹ்ரூபுக்கு உம்மாவின் சலாம். இதை எழுதும் இந்த நேரத்தில் நானும் உன் தங்கச்சி ரபீக்காவும் அல்லாஹ்வின் கிருபையால் எழும்பி நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்தச் சிங்கப்பூரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் கை ஏந்துகிறேன். நடுவில் ஒன்று நடந்தது, அதை முறையாய் எழுதுகிறேன், நீ பயந்துபோய்க் கடைசிப் பக்கத்துக்கு ஓடாதே, அவள் இப்போது என் பக்கத்தில் இருந்து பேனையைப் பிடுங்கிக்கொண்டு இருக்கிறாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் நீ போட்ட கடிதமும், கப்பலில் வந்த ஆளிடம் கொடுத்துவிட்ட சட்டைத் துணியும், பச்சைத் தைலப் போத்தல்களும் கிடைத்தன. கடிதத்தில் உனக்குத் தடிமன் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரியில் கப்பல் பட்டறைக்குப் புது மெசின் வந்த கதையை எழுதியிருக்கிறாய். தடிமன் என்றால் எப்படித் தடிமன், படுத்தாயா, வேலைக்குப் போனாயா, கஞ்சி வைத்துத் தர ஆள் இருந்ததா, அதெல்லாம் ஒன்றும் இல்லை. உன் வாப்பாவும் இப்படித்தான், நெஞ்சுக்குள் ஒரு பிடிப்பு என்று சொல்லிவிட்டு லாஞ்சு எஞ்சினைப் பற்றிக் கதைத்துக்கொண்டு படுத்தார், சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனேன், எழும்பவில்லை. மாசிமாதம் நடந்தது இன்றைக்கு நடந்தது போல் இருக்கிறது, அதனால்தான் ஒரு வரித் தடிமனுக்கு இவ்வளவு எழுதுகிறேன்.

இங்கே ஊர் முழுக்க அந்தப் புதுக் காய்ச்சல்தான் மகன். வீட்டுக்கு வீடு படுக்கை, பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள், ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழேயும் பாய் போட்டிருக்கிறதாம். சிங்கப்பூர்ப் பக்கத்தில் இருந்து கப்பலில் வந்து இறங்கின காய்ச்சல் என்று பேப்பர் வாசிக்கிறவர்கள் சொல்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கத்துக் கமலாதேவி அதைக் கேட்டுவிட்டு, என்னக்கா உங்கட மகன் துணியும் தைலமும் மட்டும்தானோ அனுப்பினவர், வேற ஒண்டும் பொட்டலத்துக்குள்ள வச்சு அனுப்பேல்லையோ என்று கேட்டாள். பகிடிக்குத்தான் கேட்டாள், அவளே அன்றைக்குக் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து தந்தவள். ஆனாலும் எனக்கு மனம் கேட்கவில்லை, நீ அனுப்பின துணியை எடுத்துக் கிடாரத்தில் போட்டு அவித்துவிட்டேன். ரோசாப்பூ நிறம் முழுக்கத் தண்ணியோடு போய்விட்டது, கோபிக்காதே.

இந்தக் காய்ச்சலுக்கு நடுவில்தான் திருகோணமலைக்குக் கார்னிவல் வந்தது. போன வருசம் வந்ததும் வாப்பா இவளைக் கூட்டிப் போனதும் உனக்கு எழுதியிருந்தேன். அந்தப் பெரிய ராட்டினத்தில் ஏற வேண்டும் என்று நின்றாளாம், ராட்டினக்காரன் ஒரு கம்பை நட்டு வைத்திருக்கிறானாம், அதற்குக் கீழே தலை இருக்கிற பிள்ளையை ஏற்ற மாட்டானாம். இவள் அழ, வாப்பா சொன்னாராம், சோத்த மிச்சம் வைக்காமத் தின்னு ரபீக்கா, வளரு, அடுத்த வருசம் நான் ஏத்துறன் என்று. அன்றையில் இருந்து இவள் கோப்பையில் ஒரு பருக்கை மிச்சம் இருந்ததில்லை. வாப்பாவின் மையத்தை எடுத்துக்கொண்டு போன அன்றும் இவள் குசினிக்குள் வந்து சோறு கேட்டாள். வந்திருந்த பெண்டுகள் எல்லாம் பச்சைப் பிள்ளை, ஒண்டும் விளங்கேல்ல என்று சொல்லி அழுதார்கள். அவள் வளரத்தான் கேட்டாள் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நான் வாப்பாவுக்காக இத்தா என்று நாலு மாதமும் பத்து நாளும் அறையும் குசினியுமாய் இருந்து வெளியே வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வாப்பாவின் லாஞ்சை இப்போது ஜமால்தீன் ஓட்டுகிறான், அவன் பின்னேரம் வந்து ஜெட்டியில் கட்டினவுடன் இவள் போய் நின்று ராட்டினம் பொருத்தியாச்சா, லைட் போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டு வருவாள். டவுனில் கடை வைத்திருக்கும் உன் அபூதாஹிர் மாமாவும், ராத்தா பெருநாளோட வந்து ரெண்டு நாள் நிண்டிட்டுப் போங்க, பிள்ளைட வாப்பா சொன்ன சொல்லு கிடக்குது என்று ஆள்மேல் ஆள் அனுப்பினான். நான் ஏலாது என்றுவிட்டேன். கூட்டம் என்றால் காய்ச்சல், லாஞ்சு என்றால் காய்ச்சல், யாரோ இருமின ஆசனத்தில் இவள் போய் இருப்பாள், மவுத்தானவர் சொன்ன சொல்லுக்காக உயிரோடு இருக்கிறவளைக் கொண்டுபோய்க் கொடுக்க ஏலுமா என்று ஜமால்தீனிடம் சொல்லி அனுப்பினேன். அதைக் கேட்டு இவள் அழவில்லை. அன்று பகல் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, எனக்குச் சோறு காணும், போதும் உம்மா என்றாள். அடுத்த நாளும் அப்படித்தான். ஏன்டி என்றால், இனி எதுக்கு உம்மா என்று கேட்கிறாள். அதற்குமேல் நான் என்ன செய்ய, போவோம் என்றேன்.

போவோம் என்று சொன்னதில் இருந்து எனக்குப் பட்டது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துப் போத்தலில் அடைத்தேன், சூடத்தைத் துணியில் முடிந்து இவள் கழுத்தில் கட்டினேன், வாயைக் கட்ட வாப்பாவின் லேஞ்சியை எடுத்து வைத்தேன், யாஸீன் ஓதி ஊதினேன். லாஞ்சில் ஏறினால் எங்களுக்குப் பின்னால் ஒரு மனிசன் தொண்டையைச் செருமுகிறான். நீ அனுப்பின பச்சைத் தைலம் மடியில் இருந்தது, எடுத்து இவள் நெற்றியில் தேய்த்தேன், மூக்கடியில் தேய்த்தேன், அந்த மனிசன் திரும்பச் செருமினான், நெஞ்சிலும் முதுகிலும் தேய்த்தேன், நடுக்குடாவில் காற்று அடித்தது, வாப்பாவின் கம்பளியை எடுத்துத் தலையோடு மூடினேன். எரியுது உம்மா என்றாள், எரிந்தால்தான் நல்லது இரு என்றேன். துறைமுகத்துக்குள் போகிறபோது போத்தலில் பாதி இல்லை.

ஜெட்டியில் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவரும் ஒரு ஆஸ்பத்திரி மிஸியும் நின்று, இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்த்துத்தான் விட்டார்கள். காய்ச்சல்காரரைத் திருப்பி அனுப்புகிறார்களாம், அது எனக்குத் தெரியாது. இவள் முறை வந்தது. கண் இரண்டும் கோவைப்பழம், மூக்கால் ஓடுகிறது, முகம் வெந்த இறால் மாதிரி, உடம்பு அடுப்பு. இன்ஸ்பெக்டர் ஐயா இரண்டு அடி பின்னால் போய், இந்தப் பிள்ளைய இறக்க ஏலாது, இதே லாஞ்சில கொண்டுபோங்க என்றார். வந்துவிட்டது, நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன் என்று இறங்குகிற பலகையிலேயே இருந்துவிட்டேன். அந்த மிஸிதான் கிட்ட வந்து மூக்கைச் சுருக்கிக்கொண்டு, என்னம்மா இது, பிள்ளைய எண்ணையில பொரிச்சுக் கொண்டு வந்தனீங்களோ என்று கேட்டு, கம்பளியை உருவி, சவர்க்காரம் போட்டு முகம் கழுத்தெல்லாம் கழுவி, வாகைமர நிழலில் இருத்தினாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை பச்சைத் தண்ணி மாதிரிக் குளிர்ந்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் ஐயா சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், ஏலவில்லை. ஜமால்தீன் லாஞ்சுக்குள் இருந்து, இந்த லாஞ்சு ஓட்டின காக்காட மனிசி எண்டா கடலே ஒதுங்கி நிக்கும், காய்ச்சல் எம்மாத்திரம் ஐயா என்று கத்தினான். வெட்கத்தில் முக்காட்டை இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

கார்னிவல் கோட்டைப் பக்கத்து வெளியில். கூட்டம் குறைவுதான், பாதிப் பேர் வாயில் லேஞ்சி கட்டியிருந்தார்கள். ஒரு மரக்கிணற்றுக்குள் சுவரோடு சுவராய் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான் ஒருவன், மரணக் கிணறு என்று பெயர், பெயரைக் கேட்டே நான் போகவில்லை, இவள் மாமாவின் தோளில் இருந்து பார்த்தாள். பிறகு ராட்டினம். அந்தக் கம்பு அங்கேதான் நட்டிருந்தது. இவள் போய் நேராய் நின்றாள், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். கம்புக்கு மேலே தலை ஒரு விரல் அளவு தெரிந்தது. ஒரு வருசத்துச் சோறு. ராட்டினக்காரன் பெரிய ஆள் ஒருவர் கூட ஏற வேண்டும் என்றான். இவ்வளவு ஆள் அனுப்பின உன் மாமா மேலே பார்த்தான், கீழே பார்த்தான், எனக்கு இண்டைக்குத் தலை சுத்துற மாதிரி இருக்கு ராத்தா என்றான். பக்கத்தில் நின்ற அவன் மனிசி ஸல்ஹா மாமி, நான் ஏறினா ராட்டினம் நிக்கும் மதினி, நீங்க ஏறுங்க என்று என்னைத் தள்ளினாள். புருசனைப் பறிகொடுத்தவள் ராட்டினத்தில் ஆடுகிறாள் என்று ஊர் கதைக்காதா என்று கேட்டேன். கதைக்கிற வாயெல்லாம் இப்ப லேஞ்சிக்குள்ள கிடக்கு, ஏறுங்க என்றாள்.

ஏறி இருந்து கண்ணை மூடிக்கொண்டேன். ஆயத்துல் குர்ஸி ஓதினேன், மேலே போகப் போகப் பாதியில் மறந்துபோனேன், திரும்பத் தொடங்கினேன். உச்சியில் போய் அது நின்றுவிட்டது, கீழே ஆள் ஏற்றுகிறார்களாம். இவள் என் கையைப் பிடித்து, உம்மா கண்ணைத் திறங்க, இதுக்குத்தானே வந்தது என்றாள். திறந்தேன் மகன்.

எனக்கு எழுத வருமோ தெரியாது. டவுன் ஒரு கயிறு மாதிரிக் கிடந்தது, இரண்டு பக்கமும் கடல். நான் கல்யாணம் முடித்த நாளில் இருந்து இந்தக் கடலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன், மீன் கழுவினேன், உப்பை நக்கினேன், ஆனால் அதை நான் கண்டதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு பக்கம் வெளிக்கடல், முடிகிற இடமே இல்லை, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க ஏலாது. மறுபக்கம் மலைகளுக்கு நடுவில் துறைமுகம், யாரோ இரண்டு கையையும் கூட்டித் தண்ணி ஏந்தி வைத்த மாதிரி. வெள்ளைக்காரனின் சாம்பல் கப்பல்கள், அவ்வளவு பெரிய இரும்பு, குர்ஆன் எழுத்தின் புள்ளிகள் மாதிரி அங்கொன்று இங்கொன்றாய் இருந்தன. தெற்கே குடாவுக்கு அந்தப் பக்கம் மை தொட்டு இழுத்த ஒரு கோடு. அதுதான் நம்முடைய ஊராம். அந்தக் கோட்டுக்குள் எங்கேயோ நம்முடைய வீடு, எங்கேயோ வாப்பாவின் கபுறு. நடுவில் ஒரு எள்ளு ஊர்ந்துகொண்டு போனது, அது ஜமால்தீன். அந்த எள்ளுக்குள்தான் வாப்பா இருந்தார், முப்பது வருசம், போக ஒருக்கால் வர ஒருக்கால். பின்னேரம் வந்து கால் கழுவுகிறபோது கடல் எப்பிடி என்று கேட்பேன், சும்மா கிடந்தது என்பார். அது சும்மா கிடக்கிற சாமான் இல்லை மகன். இவ்வளவு பெரிசைப் பார்த்துவிட்டு வந்து ஒரு மனிதன் எப்படித்தான் பேசாமல் சோறு தின்றாரோ. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அறைக்குள் அழுத அழுகை இல்லை. சுப்ஹானல்லாஹ் என்று வாய் தானாய்ச் சொல்லிக்கொண்டு இருந்தது. காய்ச்சலை அந்த நேரம் நான் மறந்துபோனேன், என்னையும் மறந்துபோனேன். இவள் உன்னை நினைத்து, காக்காட ஊர் எது உம்மா என்று கேட்டாள். வெளிக்கடலைக் காட்டினேன். கையை வீசி, காக்கா நான் வளந்திட்டன் என்று கத்தினாள். கேட்டதா உனக்கு.

ஊருக்கு வந்து மூன்றாம் நாள் இவளுக்கு உடம்பு சுட்டது. இது தைலச் சூடு இல்லை, உண்மையான சூடு. இருமல், உளறல், கண் திறக்கவில்லை. கமலாதேவி வேலியால் வந்து என்னோடேயே இருந்தாள், அப்போதிக்கரி ஐயா வந்து பார்த்து மருந்து தந்து, சூடு இறங்கும், அல்லது பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். அல்லது பார்ப்போம் என்றதைப் பிடித்துக்கொண்டு நான் இருந்தேன். கூட்டிப் போயிருக்கக் கூடாது என்று நினைப்பேன், பிறகு அந்தக் கம்புக்கு மேலே தெரிந்த தலையை நினைப்பேன், இரண்டும் மாறி மாறி வரும். அவ்வளவு கடலையும் கையில் ஏந்தி வைத்திருக்கிறவனே, இந்த ஒரு கோப்பைத் தண்ணியையும் சிந்தாமல் பார் என்றுதான் கேட்டேன், வேறு ஓத வரவில்லை. ஒரு நாள் விடியக் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டு நிற்கிறேன், பாயில் இருந்து சத்தம் வருகிறது, உம்மா கஞ்சி வேணாம், சோறு ஆக்குங்க என்று. ஓடிப் போய்த் தொட்டுப் பார்த்தேன், வேர்த்துக் குளிர்ந்து கிடந்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு, ராட்டினத்தில ஏறியாச்சே, இனி எதுக்குடி சோறு என்று கேட்டேன். அந்தக் கிணத்துக்குள்ள மோட்டார் சைக்கிள் ஓட என்றாள். நானும் கமலாதேவியும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்புக்கு ஜெட்டியில் நின்ற ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆகவே மகன், வேலைத்தலத்தில் நேரத்துக்குச் சாப்பிடு, ஈரச் சட்டையோடு படுக்காதே, தொழுகையை விடாதே. உன் தடிமன் என்ன ஆனது என்று ஒழுங்காய் எழுது, மெசின் கதையைப் பிறகு எழுது. பச்சைத் தைலம் இனி அனுப்ப வேண்டாம், அந்த மணம் வந்தாலே இவள் அலுமாரிக்குப் பின்னால் ஒளிக்கிறாள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் ஹலாலான வரும்படியும் தரட்டும், உன் வாப்பாவுக்காக ஒரு யாஸீன் ஓது. நீ வருகிற காலத்தில் வழி எப்படி, கப்பல் எங்கே நுழையும் என்று முந்தி எல்லாம் கிடந்து யோசிப்பேன். இப்போது அந்தத் துறைமுக வாசலை நான் மேலே இருந்து என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். நல்ல பெரிய வாசல்தான் மகன், நீ வா.

உன் உம்மா
உம்மு குல்சும்